கோப்பும் குறிப்புச் சீட்டும்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்திலும் விடுதியிலும் நம் நண்பர்கள் இரவு பகலாகச் செய்துவரும் வேலைகளுள் ஒன்று, தம் கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகலெடுத்து வைப்பது. மடிக்கணினியிலிருந்து துறையின் சர்வருக்கு, சர்வரிலிருந்து பென் டிரைவுக்கு, அதிலிருந்து நண்பரின் கணினிக்கு என்று கோப்புகள் ஓயாது பயணம் செய்கின்றன. நகலெடுத்தல் என்பது ஒரு பொத்தானை அமுக்கும் எளிய செயல் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் நடுவழியில் சிலருக்கு விசித்திரமான கேள்வி ஒன்று எதிர்ப்படுகிறது. "இக்கோப்பை அதன் பண்புகள் இல்லாமலே நகலெடுக்க விரும்புகிறீரா?" என்று விண்டோஸ் கேட்கிறது. அக்கேள்விப் பெட்டியின் தலைப்பில் 'பிராப்பர்ட்டி லாஸ்' என்று வேறு பொறித்திருக்கிறது.

மனிதருக்குப் பண்பு குறைந்தால் வருந்துவோம். கோப்புக்குப் பண்பு குறைந்தால் என்ன ஆகும்? ஆம் என்பதா, இல்லை என்பதா? ஈராண்டு உழைப்பு ஒரு கோப்புறைக்குள் அடங்கிக் கிடக்கும்போது இக்கேள்வி சிறியதன்று. இதன் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் சங்கத்தில் வரலாறு, பொருளாதாரம், மொழியியல் பயிலும் நண்பர்கள் பலர் உள்ளனர். அவர்களும் எளிதில் பின்தொடரும் வகையில் கூற முயல்கிறேன்.

ஓர் இரவு முழுதும் காத்திருந்த கேள்வி

சென்ற பருவத்தில் எங்கள் துறையில் நிகழ்ந்ததைச் சொன்னால் சிக்கல் விளங்கும். முதலாண்டு மாணவர் ஒருவர், மதுரைப் பக்கத்துத் தம்பி, நுண்ணோக்கியில் எடுத்த நாலாயிரம் படங்களைத் துறைச் சர்வருக்கு அனுப்பத் தொடங்கிவிட்டு உறங்கப் போனார். காலையில் வந்து பார்த்தால் ஒரு படம்கூடப் போய்ச் சேரவில்லை. முதற் படத்திலேயே மேற்சொன்ன கேள்வி எழுந்து, விடை கூறுவாரின்றி இரவெல்லாம் காத்து நின்றிருக்கிறது.

"அண்ணா, சொத்து நட்டம் என்று போட்டிருக்கிறதே! ஆம் என்று அமுக்கினால் படமெல்லாம் கெட்டுப்போகுமா?" என்று அவர் பதறினார்.

"படம் கெடாது தம்பி. இந்தப் படங்கள் எப்பொழுதாவது மேக ஒத்திசைவுக் கோப்புறையில் இருந்தனவா?" என்று கேட்டேன்.

"பழைய கல்லூரியில் இருந்தபோது வைத்திருந்தேன். ஆனால் அந்த மென்பொருளை நீக்கி ஓராண்டு ஆகிறதே!" என்றார்.

நீக்கப்பட்ட மென்பொருள் ஓராண்டு கழித்து எவ்வாறு குறுக்கே வந்து நிற்கும்? இதற்கு விடை காண வேண்டுமாயின், கோப்பு என்பது யாது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

பெட்டியும் அதில் ஒட்டிய சீட்டும்

நாமெல்லாம் பெட்டியும் படுக்கையுமாகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்திறங்கியவர்கள். ஆதலின் பெட்டியையே உவமையாகக் கொள்வோம். பெட்டிக்குள் இருக்கும் துணியும் புத்தகமும் சரக்கு. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் பெயர், ஊர், எடை முதலியன எழுதியிருக்கும். சீட்டு கிழிந்துபோனால் உள்ளே இருக்கும் துணி ஒன்றும் குறைவதில்லை. ஆனால் சீட்டை நம்பி வேலை செய்யும் பார்சல் ஆபீசுக்கு அது பெரிய இழப்பு.

கோப்பும் இவ்வாறே. நாம் எழுதிய எழுத்து, எடுத்த படம், அளந்த எண்கள் ஆகியவை சரக்கு. கோப்பின் பெயர், மாற்றிய நாள் முதலிய விவரங்கள் வெளிப்படையான சீட்டு. இவற்றை மெட்டாடேட்டா என்பர்; தமிழில் மீத்தரவு எனலாம். இவையன்றி, நம் கண்ணுக்குப் புலனாகாத மற்றொரு வகைச் சீட்டும் உண்டு. எந்த மென்பொருளும் தனக்கு வேண்டிய குறிப்பைக் கோப்பின் முதுகில் ஒட்டிவைக்கலாம். லினக்ஸிலும் மாக் கணினியிலும் இவற்றுக்கு 'நீட்டித்த பண்புகள்' என்று பெயர். விண்டோஸில் இவை 'மாற்றுத் தரவு ஓடைகள்' எனப்படும்.

இந்த ஏற்பாடு புதியதன்று. 1980களிலேயே மாக்கின்டாஷ் கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும் இரு கிளைகள் இருந்தன. ஒன்றில் தரவு, மற்றொன்றில் உருவச்சின்னம், எழுத்துரு போன்ற துணைப் பொருள்கள். 1993இல் விண்டோஸ் என்.டி.யுடன் என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை வெளிவந்தபோது, மாக்கின்டாஷ் கோப்புகளையும் தாங்கும்பொருட்டு ஒரு கோப்பில் பல ஓடைகள் இருக்க வழி செய்தனர். 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டாம் திருத்தத் தொகுப்பு, இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின்மீது 'இது வெளியிலிருந்து வந்தது' என்ற எச்சரிக்கையை இத்தகைய ஓடை ஒன்றில்தான் எழுதத் தொடங்கியது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. விண்டோஸ் காட்டும் கோப்பின் அளவில் இந்த ஓடைகள் சேர்வதில்லை. படம் 5 மெகாபைட் என்றால், அது முதன்மை ஓடையின் அளவு மட்டுமே. முதுகில் எத்தனை சீட்டுகள் ஒட்டியிருந்தாலும் அந்த எண் மாறாது. ஆகவேதான் இவை மறைந்தே வாழ்கின்றன.

மேக மென்பொருள் ஏன் சீட்டு ஒட்டுகிறது?

ஒத்திசைவு மென்பொருளின் தொழில், நம் கணினியில் உள்ள கோப்புறையையும் தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் உள்ள அதன் படியையும் எப்பொழுதும் ஒன்றாக வைத்திருப்பது. ஒரு கோப்பின் பெயரை நாம் மாற்றுகிறோம். அல்லது வேறோர் உள்ளறைக்கு நகர்த்துகிறோம். மென்பொருளுக்கு உடனே ஐயம் எழுகிறது. பழைய கோப்பு அழிந்து புதியது பிறந்ததா, அன்றிப் பழையதே புதுப் பெயர் பூண்டதா? பெயரை நம்ப இயலாது. ஆகவே கோப்பின் முதுகில் அடையாளச் சீட்டு ஒன்றை ஒட்டிவைத்தால் பெயர் மாறினும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

டிராப்பாக்ஸ் இதற்குத் தெளிவான சான்று. 'காம்.டிராப்பாக்ஸ்.ஆட்ரிபியூட்ஸ்' என்னும் பெயரில் மிகச் சிறிய குறிப்பொன்றை அது கோப்பில் எழுதுகிறது. 2018இல் அந்நிறுவனம், நவம்பர் 7 முதல் லினக்ஸில் எக்ஸ்ட்-4 முறைமை ஒன்றில் மட்டுமே இயங்குவதாக அறிவித்தபோது கூறிய காரணமும் இதுவே: கோப்புகளை அடையாளம் காண நீட்டித்த பண்புகளையே தாம் நம்பியிருப்பதாகச் சொன்னார்கள். பயன்படுத்துவோர் பலர் மனக்குறை தெரிவித்தனர். 2019இல் எக்ஸ்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். முதலிய வேறு சில முறைமைகளுக்கும் மீண்டும் இடமளித்தார்கள். சீட்டு ஒட்ட இடமில்லாத பெட்டியை இத்தகைய மென்பொருள் விரும்புவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இப்போது மதுரைத் தம்பியின் புதிர் அவிழ்கிறது. மென்பொருளை நீக்கினால் மென்பொருள்தான் போகும். அது ஒட்டிய சீட்டுகள் தாமாக உரிந்து விழுவதில்லை. கோப்பை அந்தக் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்தாலும், என்.டி.எஃப்.எஸ். தட்டு ஒன்றிலிருந்து அதே வகைத் தட்டு மற்றொன்றுக்கு நகலெடுத்தாலும், சீட்டும் கூடவே போகும். அது தன் இருப்பை வெளிக்காட்டுவது, தனக்கு இடமில்லாத ஊருக்குப் போகும் அன்றுதான்.

அக்கரையில் இடம் உண்டா?

பிணையத்தின் வழியே ஒரு கோப்பை அனுப்பும்போது நம் கணினி சர்வரின் திறன்களை முதலில் விசாரிக்கிறது. 'பெயருள்ள ஓடைகளை உம்மால் ஏற்க இயலுமா?' என்பது அவ்விசாரணையில் ஒன்று. ஏற்கும் என்று விடை வந்தால் கோப்பும் சீட்டும் சேர்ந்து போகும். நமக்கு ஒன்றும் தெரியாது. இயலாது என்று விடை வந்தால்தான் விண்டோஸ் நம்மைக் கேட்கிறது.

எவை ஏற்கா? பென் டிரைவுகளில் வழங்கும் ஃபாட்-32, எக்ஸ்ஃபாட் ஆகிய முறைமைகளில் இச்சீட்டுகளுக்கு இடமே இல்லை. கல்லூரித் துறைகளில் லினக்ஸ் கணினியைச் சர்வராக்கி, சாம்பா என்னும் மென்பொருளால் விண்டோஸ் கணினிகளுடன் இணைப்பது வழக்கம். ஓடைகளை ஏற்றுக்கொள்ளும் துணைத் தொகுதி சாம்பாவிலே உண்டு. ஆனால் அதை நிர்வாகி இயக்கி வைத்தல் வேண்டும். இயக்காவிடில் கேள்வி எழும். என்.எஃப்.எஸ். வழியே இணைந்த லினக்ஸ் கணினிகளில் இந்த வசதி மிகவும் காலந்தாழ்ந்தே வந்தது. அதற்கான வரையறை வெளியானது 2017 டிசம்பரில். லினக்ஸ் கருவில் அது இடம்பெற்றது 2020இல் வந்த 5.9 பதிப்பில்.

விண்டோஸ் வாய்திறந்து கேட்கிறது. லினக்ஸின் சாதாரண நகல் கட்டளையோ கேட்பதேயில்லை. சீட்டைக் காக்குமாறு நாம் தனியே சொன்னாலொழியக் கோப்பை மட்டும் எடுத்துச் சென்றுவிடும். மாக் கணினி மூன்றாவது வழியைப் பின்பற்றுகிறது. இடமில்லாத ஊரில் சீட்டை உரித்துத் தனிக் கோப்பாக்கி, அதன் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் அடிக்கோடும் இட்டுப் பக்கத்திலேயே வைத்துவிடும். மாக்கில் இவை மறைந்திருக்கும். அதே பென் டிரைவை மற்றக் கணினிகளில் செருகினால், நூறு கோப்பு இருந்த இடத்தில் இருநூறு இருக்கும். புதிய நூறும் பெரும்பாலும் 4 கிலோபைட் அளவே இருக்கும். கோப்புறையில் உள்ளவற்றையெல்லாம் வரிசையாகப் படித்துக் கணக்கிடும் நிரலை எழுதியவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். அளவுத்தரவு என்று நம்பி நிரல் ஒரு சீட்டைப் படிக்கத் தொடங்கிப் பிழை காட்டி நின்றுவிடும். அவற்றை ஒதுக்குமாறு நிரலில் ஒரு வரி சேர்த்தாற் போதும்.

இன்னொரு விந்தையையும் கூறவேண்டும். லினக்ஸில் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்-4 முறைமையில், வழக்கமான அமைப்பின்படி, ஒரு கோப்பின் சீட்டுகள் அனைத்தும் ஏறக்குறைய 4 கிலோபைட் இடத்திற்குள் அடங்கவேண்டும். ஒத்திசைவு மென்பொருளின் சிறு குறிப்பு அதற்குள் எளிதில் அடங்கும். ஆனால் வேறொரு மென்பொருள் பெரிய சீட்டாக ஒட்டியிருந்தால், 'இடமில்லை' என்ற பிழைச் செய்தி வரும். தட்டிலோ டெராபைட் கணக்கில் இடம் காலியாக இருக்கும்! நிறைந்தது தட்டன்று, சீட்டு ஒட்டும் இடம் என்பதை அறியாதவர் புதுத் தட்டு வாங்கப் புறப்பட்டுவிடுவர்.

நேரமும் செலவாகிறது. ஒரு சீட்டைத் தனியே அனுப்ப, திறத்தல், எழுதுதல், மூடுதல் என்று குறைந்தது மூன்று முறை சர்வருடன் பேசவேண்டும் என்று கொள்வோம். 10,000 சிறு கோப்புகளுக்கு 30,000 பேச்சுகள். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால், ஒரு பேச்சுக்கு ஆயிரத்தில் ஒரு விநாடி ஆகும் வளாகப் பிணையத்தில் அரை நிமிடம் கூடும். விடுமுறையில் ஊரிலிருந்து இணைந்து, ஒரு பேச்சுக்கு ஆயிரத்தில் நாற்பது விநாடி ஆகுமாயின், சீட்டுகளுக்கு மட்டும் இருபது நிமிடம் போய்விடும்.

சீட்டு உண்டு, சரக்கு இல்லை

இதுவரை கூறியது சரக்கு பத்திரமாக இருந்து சீட்டு தொலையும் கதை. உண்மையில் அஞ்சவேண்டியது இதற்கு நேர்மாறான நிலைக்கே.

2017இல் விண்டோஸ் 10இன் ஒன்டிரைவில் 'வேண்டும்போது கோப்பு' என்னும் ஏற்பாடு வந்தது. வன்தட்டில் இடம் மிச்சமாகும் பொருட்டு, கோப்பின் பெயரும் அளவும் மட்டும் நம் கணினியில் இருக்கும். உள்ளடக்கம் தொலைவில் இருக்கும். கோப்புறையைத் திறந்தால் எல்லாம் இருப்பதுபோலவே தோன்றும். பெயரருகே ஒரு சிறு மேகக் குறி மட்டும் உண்மையைச் சொல்லும். அத்தகைய கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால், முதலில் அது இணையத்திலிருந்து இறங்கி, பின்னரே சர்வருக்கு ஏறும். இணைப்பு அறுந்தால் நகலும் நின்றுவிடும்.

'என் ஆய்வு முழுவதும் என் மடிக்கணினியில் இருக்கிறது' என்று நம்பியிருப்பவர், உண்மையில் வெற்றுப் பெட்டிகளின்மேல் ஒட்டிய சீட்டுகளையே வைத்திருக்கக்கூடும். படிப்பு முடிந்தபின் மாணவர் கணக்குகளை மூடிவிடுவது பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். அன்றைக்கு மேகம் கலைந்தால் சீட்டு மட்டுமே மிஞ்சும். ஆகவே பட்டம் பெற்று ஊர் திரும்புமுன், கோப்பின் பண்புப் பட்டியலில் 'அளவு' என்பதையும் 'தட்டில் உள்ள அளவு' என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னது பெரிதாகவும் பின்னது சுழியமாகவும் இருந்தால் அக்கோப்பு உங்களிடம் இல்லை என்று கொள்க. 'எப்பொழுதும் இக்கணினியில் வைத்திரு' என்னும் கட்டளையைத் தேர்ந்து, முழுவதும் இறங்கியபின் நகலெடுங்கள்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சீட்டைப் பார்த்தறிதல். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் கோப்புகளைப் பட்டியலிடும் 'டிஐஆர்' கட்டளைக்குப் பின் ஒரு சாய்கோடும் 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால், மறைந்துள்ள ஓடைகளும் பெயருடன் வெளிப்படும். தம்பியின் படங்களில் இவ்வாறுதான் பழைய சீட்டைக் கண்டோம்.

இரண்டாவது, சரக்கைச் சரிபார்த்தல். எஸ்.எச்.ஏ.-256 என்பது கோப்பின் உள்ளடக்கத்தைப் பிசைந்து 64 குறிகள் கொண்ட கைரேகை ஒன்றைத் தரும் கணக்குமுறை. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். விண்டோஸின் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' என்னும் கட்டளை இதைத் தரும். அது முதன்மை ஓடையை மட்டுமே கணக்கிடுவதால், சீட்டு போனாலும் கைரேகை மாறாது. தம்பியின் படங்கள் சிலவற்றுக்கு இருபுறமும் கணக்கிட்டுப் பார்த்தோம். குறிகள் அனைத்தும் ஒத்திருந்தன. அதன்பின் 'எல்லாவற்றுக்கும் இவ்வாறே செய்க' என்று குறியிட்டு, ஆம் என்று அமுக்கினார். மாலைக்குள் நாலாயிரமும் போய்ச் சேர்ந்தன.

மூன்றாவது, கேள்வியே எழாமல் அனுப்புதல். விண்டோஸிலேயே உள்ள ஜிப் வசதியால் கோப்புறையைக் கட்டினால் ஓடைகள் உள்ளே போவதில்லை. பல்லாயிரம் கோப்புகள் ஒன்றாகச் சுருங்குவதால் பிணையப் பேச்சும் குறையும். ரோபோகாப்பி என்னும் நகற்கருவியின் புதிய பதிப்புகளில் மாற்று ஓடைகளைத் தவிர்க்கவும் வழியுண்டு. அதைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறவாதிருக்க: ஒரு கோப்பு தவறினால், ஒவ்வொரு முறையும் 30 விநாடி காத்திருந்து, 10 லட்சம் முறை மீண்டும் முயல்வது அதன் இயல்பு. கணக்கிட்டால் ஒரே கோப்புக்கு ஏறத்தாழ 347 நாள்! முயற்சியின் எண்ணிக்கையை நாமே குறைத்துக் கொடுத்தல் நலம்.

நான்காவது, சீட்டை உரித்தல். சிசின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள 'ஸ்ட்ரீம்ஸ்' என்னும் கருவி ஓடைகளை மொத்தமாக நீக்கும். ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் ஒத்திசைவுக் கோப்புறையில் இதைச் செய்யலாகாது; வெளியே எடுத்த படியில் மட்டுமே செய்க. இணையத்திலிருந்து இறக்கியவற்றின் எச்சரிக்கைக் குறியும் இதனால் அழியும் என்பதை நினைவிற் கொள்க.

எப்பொழுதும் ஆம் என்று சொல்லலாமா?

ஒத்திசைவு மென்பொருளின் சீட்டு நமக்குப் பயனற்றது. அது போனால் போகட்டும். ஆனால் எல்லாச் சீட்டும் அத்தகையன அல்ல. மாக் கணினியில் கோப்புகளுக்கு நாம் இடும் வண்ணக் குறிகளும் இவ்வாறு முதுகில் ஒட்டியவையே. பழைய மாக்கின்டாஷ் எழுத்துருக் கோப்புகளில் எழுத்துகள் முழுவதும் துணைக் கிளையில் இருக்கும். முதன்மைக் கிளை காலி. அவற்றைத் துணைக்கிளை ஏற்காத தட்டில் அப்படியே நகலெடுத்தால் கிடைப்பது சுழியம் பைட்டுள்ள கோப்புதான். அங்கே சீட்டே சரக்கு!

ஆதலின் விடையளிக்குமுன் இரண்டு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். இந்தச் சீட்டை ஒட்டியவர் யார், மென்பொருளா நாமா? சரக்கு உள்ளே முழுமையாக இருக்கிறதா? ஒட்டியது மென்பொருள், சரக்கும் முழுமை என்று தெளிந்தால், தயங்காமல் ஆம் என்க. எந்த மாதிரி பழுதுற்றது, எந்த அளவு ஐயத்திற்குரியது என்பன போன்ற நம் சொந்தக் குறிப்புகளை வண்ணக் குறியாக இட்டிருந்தால், நகலெடுக்குமுன் அவற்றை ஓர் எளிய எழுத்துக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் வைத்துவிடுங்கள். எழுத்துக் கோப்பு எந்த முறைமையிலும், எந்தப் பிணையத்திலும், எந்தக் கணினியிலும் பிழைத்திருக்கும்.

இத்துறையில் ஐயமுள்ள நண்பர்கள், எந்தத் துறையினராயினும், ஆய்வேட்டின் கடைசி வாரம் வரை காத்திராமல் இப்பொழுதே சங்க அறைக்கு மடிக்கணினியுடன் வரலாம். சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் அங்கே இருப்போம். உடனிருந்து பார்த்துச் சொல்கிறோம்.